கம்ப்யூட்டர் முன்னால் எதையெல்லாம் அடக்குகிறீர்கள்?

"டாக்டரய்யா, இந்தப் பொட்டி எங் கையைத் தின்னுருச்சு..."

2024-ம் வருடம், ஐப்பசி மாதத்து அடைமழை. நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. வயது 54. காலண்டர், டைரி, திருமண அழைப்பிதழ், நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்து, பக்கம் அமைத்துக் கொடுப்பவர். 1992-ல் இந்தத் தொழிலுக்கு வந்தாராம். அதாவது, நம்மில் பலர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டவர்.

கூட வந்த மனைவி தொடர்ந்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சி உக்காந்துக்கிட்டு கையை உதறுறாக டாக்டர். ரெண்டு கையும் மரத்துப் போகுதாம். மூணு மாசத்துல ரெண்டு தடவை கண்ணாடி மாத்தியாச்சு. எதுக்கெடுத்தாலும் கோவம் வேற."

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்யா. பையன் இஞ்சினீயரிங் கடைசி வருஷம். அதான் யோசனையா இருக்கு. வேற எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது."

முப்பது வருடத்துக்கு மேல் சோறு போட்ட தொழில். அதை விடுவதா வேண்டாமா என்ற முடிவை என் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டார். அவசரப்பட்டுத் தைலம் எழுதிக் கொடுக்கிற விஷயமா இது? "காலையில எந்திரிச்சதிலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செய்வீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பாதி சிரிப்பு, பாதி பயம். ஏனென்றால் அதில் முக்கால்வாசி என் கதையும்தான்! வாசகர்களே, உங்கள் கதையும் இதில் இருக்கலாம். படித்துப் பாருங்கள்.

அனுபவஸ்தரின் ஒரு நாள்

காலையில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுத்தான் காபி. திரையில் 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று வந்தால் அங்கேயே ரத்தம் ஏற ஆரம்பிக்கும். நேற்று வரை இடது பக்கம் இருந்த பொத்தான் இன்று வலது பக்கம் போயிருக்கும். பாஸ்வேர்டு தப்பு என்று வரும். புதிதாக வைத்தால் 'இது ஏற்கெனவே நீங்கள் வைத்திருந்தது' என்று கேலி செய்யும். இரண்டு வரி அடித்தால் ஒரு தடவை 'சேவ்'. கை தானாகவே போகும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் மின்சாரம் போய் ஒரு பஞ்சாங்கமே அழிந்துபோனதாம். அந்தப் பயம் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

ஃபைல்களுக்குப் பெயர் 'கடைசி', 'கடைசி-2', 'உண்மையான கடைசி'. அவர் பழகிய பேஜ்மேக்கர் மென்பொருளுக்குக் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அது ஓடுவதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை இன்னும் கட்டிக் காக்கிறார். ஆடிப்பெருக்கில் புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் வேலை சூடு பிடிக்கும். மார்கழி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"சாப்பாடு?" என்றேன்.

"டேபிள்லயே."

"தண்ணி?"

"ஏசி ரூமுல வாய் காஞ்சுகிட்டே இருக்கும். அடிக்கடி குடிப்பேன்."

"ஒண்ணுக்கு?"

கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "வேலை நேரத்துல முடிஞ்ச வரைக்கும் அடக்கிருவேன்யா. எந்திரிச்சா கை ஓட்டம் போயிரும். ராத்திரி வீட்டுலதான் நாலஞ்சு தடவை..."

இந்தக் கடைசிப் பதிலில் என் பேனா நின்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்றால் அவசரம் என்று பொருளல்ல. உடம்பு தானாக வெளிப்படுத்துகிற இயல்பான உந்துதல்களுக்கு அந்தப் பெயர். மொத்தம் 14. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, சுவாசம். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் வகுத்த விதி.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தப் பட்டியலைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். 'கண்ணீரை யார் அடக்கப் போகிறார்கள்? துக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொன்னதாக இருக்கும்' என்று அப்போது நினைத்துக் கொண்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. ஒரு நல்ல கம்ப்யூட்டர்க்காரர் சாதாரணமாக ஒரு நாளில் இந்தப் பதினான்கில் ஆறை அடக்குகிறார். கண்ணீர், தாகம், சிறுநீர், பசி, தூக்கம், சுவாசம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. கண்ணீர்

நாம் சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து முதல் இருபது தடவை இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கருவிழி மேல் கண்ணீரை மெல்லிய படலமாகத் தடவிவிடுகிறது. வீட்டு முற்றத்தை ஈரத் துணியால் துடைப்பது மாதிரி. திரையை உற்றுப் பார்க்கும்போது இந்த இமைப்பு பாதிக்கும் கீழே கூடக் குறைந்துவிடும். இமைத்தாலும் பாதி இமைப்புத்தான். படலம் காய்ந்து திட்டுத் திட்டாக உடைகிறது. எரிச்சல், மணல் விழுந்த உறுத்தல், சாயங்காலம் ஆனால் மங்கல்... எல்லாம் இதனால்தான். சிலருக்குக் கண்ணில் நீர் கொட்டும். 'எனக்குத்தான் தண்ணீர் வருதே, எப்படி டாக்டர் வறட்சி?' என்பார்கள். வறண்ட கண் உறுத்தலில் அவசரமாகச் சுரக்கிற நீர் அது. அது கண்ணில் ஒட்டி நிற்காது.

செய்ய வேண்டியது எளிது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றை இருபது விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் உத்தமம். அப்போதே பத்துத் தடவை நிதானமாக, இமை முழுவதும் மூடும்படி இமையுங்கள். ஃபேன், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். மேலே அண்ணாந்து பார்த்தால் கண் அகலமாகத் திறந்து இன்னும் சீக்கிரம் காயும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு சங்கதி. வெள்ளெழுத்துக் கண்ணாடி புத்தகம் படிக்கிற தூரத்துக்காகச் செய்தது. சுமார் 40 சென்டிமீட்டர். மானிட்டரோ கை நீட்டும் தூரத்தில், 50 முதல் 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதனால் கழுத்தை முன்னால் நீட்டுவீர்கள். மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரட்டை வில்லை போட்டிருந்தால், கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்குவீர்கள். பிடரி வலிக்கும். கண் டாக்டரிடம் போகும்போது மானிட்டர் இருக்கிற தூரத்தை டேப்பால் அளந்து கொண்டு போய்ச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே கண்ணாடி செய்து தருவார்கள்.

'நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கட்டுமா?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு. அந்தக் காசுக்கு ஒரு மாதம் பொன்னாங்கண்ணிக் கீரையும் பப்பாளியும் வாங்கிச் சாப்பிடலாம்!

ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைச் சாறு, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று எதையும் நீங்களாகக் கண்ணில் விடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

2, 3. தாகமும் சிறுநீரும்

இவை இரண்டும் அண்ணன் தம்பி. எழுந்து போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் ஒரு ரகம். குடித்துவிட்டு அடக்குபவர்கள் இன்னொரு ரகம். குடிக்காதவர்களுக்கு நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைவலி. அடக்குபவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சிறுநீர்த் தாரையில் தொற்று வர வழி. ஆபீசில் கழிப்பறை சரியில்லை என்பதற்காக நாள் முழுக்க அடக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். முதலாளிமார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பக்கத்தில் பெரிய பாட்டில் வைத்துக்கொள்வதைவிடச் சின்னச் செம்பு வைத்துக்கொள்ளுங்கள். காலியாகும்போது எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்? அதுவே ஓய்வு.

4. பசி

டேபிளிலேயே சாப்பிடுவதில் இரண்டு கெடுதல். திரையைப் பார்த்துக்கொண்டே தின்றால் வயிறு நிறைந்தது தெரியாது. கூடவே, பசி வந்த நேரத்தில் ஒரு டீ, இரண்டு பிஸ்கெட், ஒரு வடை என்று சமாளித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் மூன்று பரோட்டா. வயிற்றுப்புண், ஏப்பம், தொந்தி, பிறகு சர்க்கரை. மதியம் இருபது நிமிடமாவது வேறு இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசி எடுத்தால் வேர்க்கடலையோ கொய்யாவோ. ஒரு டம்ளர் மோர் போதும், சாயங்காலம் வரை தாங்கும்.

5. தூக்கம்

கொட்டாவி வருகிறது. 'இந்த ஒரு பக்கம் மட்டும்' என்று முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி உட்காருகிறோம். அரை மணி நேரத்தில் தூக்கம் பறந்துவிடும். பிறகு படுத்தாலும் வராது. கையில் செல்போனை எடுத்துக்கொண்டு புரள்வோம். இரவில் கண்ணில் விழுகிற பிரகாசமான வெளிச்சம், தூக்கத்துக்கு அழைப்பு விடுக்கிற மெலடோனின் சுரப்பைத் தள்ளிப் போடுகிறது. வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி மனசு. பாதியில் விட்ட வேலை படுக்கையிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் நோயாளிகளுக்குச் சொல்லும் வழி: அணைப்பதற்கு முன்னால், நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை ஒரு காகிதத்தில் எழுதி கீபோர்டு மேல் வையுங்கள். மனசு அதைக் கீழே இறக்கி வைத்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு திரை எல்லாம் மூடியிருக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்பது சித்த மருத்துவ நாளொழுக்கத்தில் ஒன்று. முடியாதவர்கள் வாரம் ஒரு நாளாவது நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். ஆஸ்துமா, சைனஸ் தொந்தரவு, காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் கேட்டுச் செய்யவும்.

6. சுவாசம்: கோபத்தின் அளவுகோல்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போது உங்களைக் கவனித்திருக்கிறீர்களா? மூச்சை நிறுத்தியிருப்பீர்கள். தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருக்கும். பல்லைக் கடித்திருப்பீர்கள். மவுஸை ஒரு தடவை அமுக்க வேண்டிய இடத்தில் ஏழு தடவை அமுக்குவீர்கள். அது கிணற்றில் ஏழு வாளி விட்ட மாதிரி. கம்ப்யூட்டர் இன்னும் தடுமாறும்!

புதிதாகப் பழகுகிறவருக்கு இந்தக் கோபம் கம்மி. 'எனக்குத் தெரியவில்லை' என்று பக்கத்தில் கேட்டுவிடுவார். அனுபவஸ்தருக்குத்தான் அதிகம். 'இத்தனை வருஷமாச் செய்யறேன், என்னையே ஏமாத்துதா?' என்கிற ரோஷம். 2007-ல் ஆபீஸ் மென்பொருளில் பழைய பட்டியல்களை எடுத்துவிட்டுப் புதிய பட்டையைக் கொண்டுவந்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக் கூடியவர்கள், 'பிரிண்ட் எங்கே?' என்று தேடினார்கள். விரல் பழகிய வழியை மாற்றும்போது மூளைக்கு இரட்டை வேலை. பழையதை நிறுத்த வேண்டும், புதியதைச் செய்ய வேண்டும். களைப்பு வருவது நியாயம்தான். 'எனக்கு வயசாயிட்டது' என்று நினைத்து மனம் நோக வேண்டாம்.

என் கதையைச் சொல்கிறேன். 1999-ல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி நோயாளிகளின் குறிப்புகளைத் தமிழில் அடித்து வைத்தேன். பத்து வருடக் குறிப்பு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு முறை. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் பூச்சி பூச்சியாக நிற்கிறது! இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது, தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. நான்தான் பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். பிறகு ஒரு மாணவன் எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு அத்தனையையும் மீட்டுக் கொடுத்தான்.

ஆகவே கோபத்துக்கு மருந்து இரண்டு. ஒன்று உடம்புக்கு. வட்டம் சுற்றினால் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வையுங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து தடவை. இரண்டாவது, கோபத்தின் காரணத்துக்கு:

* முக்கியமான ஃபைலுக்கு மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். 'சேவ்' பயம் தானாகக் குறையும்.
* ஃபைல் பெயரில் 'கடைசி' வேண்டாம். தேதியைப் போடுங்கள்.
* அப்டேட்டை வேலை முடிந்த நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் அவசியம் என்றால் அதை இன்டர்நெட்டில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.
* பாஸ்வேர்டு நீளமாக, நாலு சம்பந்தமில்லாத வார்த்தைகளாக இருந்தால் நல்லது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017-ல் சொல்லிவிட்டது. நோட்டில் எழுதினால் அந்த நோட்டு பீரோவில் இருக்கட்டும். மானிட்டரில் ஒட்டாதீர்கள்.

கழுத்தும் மணிக்கட்டும்

தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. நேராக இருக்கும்வரை கழுத்துக்கு அது சுமையில்லை. குனியக் குனியச் சுமை ஏறும். 2014-ல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தில் இறங்கும் சுமை ஏறத்தாழ 27 கிலோ. செல்போன் பார்க்கும்போது நாம் அப்படித்தான் குனிகிறோம். ஒரு மூட்டை அரிசியைப் பிடரியில் வைத்துக்கொண்டு குறுஞ்செய்தி படிக்கிறோம்!

நாற்காலியில் முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். முழங்கை மேசை மட்டத்தில், மணிக்கட்டு நேராக. மானிட்டர் தாழ்ந்திருந்தால் பழைய டைரிக் கட்டு இரண்டை அடியில் வையுங்கள். லேப்டாப்பில் நாள் முழுக்க வேலை என்றால் தனிக் கீபோர்டு வாங்கிவிட்டு லேப்டாப்பை உயர்த்தி வையுங்கள். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் கழுத்தை நீட்டாதீர்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பிளஸ் விசையைத் தட்டினால் பல மென்பொருள்களில் எழுத்து பெரிதாகும்.

பழைய டைப்ரைட்டரில் ஒரு நன்மை இருந்தது. வரி முடிந்தால் கையைத் தூக்கித் தள்ள வேண்டும். தாள் முடிந்தால் கழற்றி மாட்ட வேண்டும். ஓய்வு தானாகக் கிடைத்தது. கம்ப்யூட்டர் அதைப் பறித்துவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை நீங்களேதான் எழ வேண்டும். தமிழ்த் தட்டச்சில் ஷிப்ட் விசையை அடிக்கடி அமுக்கிச் சுண்டுவிரல் வலிப்பவர்கள் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் உருவான தமிழ்99 முறையைக் கற்றுக்கொள்ளலாம். இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலான மெய். சில வாரம் தடுமாற்றம், பிறகு சுகம்.

கை மரத்துப் போவதற்கு வருவோம். மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகிய குகை மாதிரி இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. இடம் இறுகினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டுவிரல் தப்பிக்கும். ராத்திரியில் அதிகம். கையை உதறினால் கொஞ்சம் சுகம்.

பேனா ஏன் நின்றது?

அச்சகத்துக்காரருக்கு இது அத்தனையும் பொருந்தியது. ஆனால் ஒன்று உதைத்தது. அவர் இப்போது செய்வது பெரும்பாலும் பக்கம் அமைக்கிற வேலை. மவுஸ் பிடிப்பது வலது கை. அப்படியானால் இடது கை ஏன் அதே அளவுக்கு மரக்க வேண்டும்? "கால் எப்படி?" என்றேன். "உள்ளங்கால் எரியும்யா. செருப்புச் சரியில்லன்னு நினைச்சேன்."

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பகலில் அடக்குகிறார், இரவில் நாலைந்து தடவை போகிறார். வாய் காய்கிறது, அதை ஏசி மேல் போட்டுவிட்டார். பசிக்கிறது, அதை டீ குடித்து மறைத்துவிட்டார். பார்வை மங்குகிறது, அதை மானிட்டர் மேல் போட்டுக் கண்ணாடியை மாற்றிவிட்டார். களைப்பை சீசன் மேல் போட்டார். அத்தனை ஜன்னலையும் சாத்திக்கொண்டு இருந்தால் வீட்டுக்குள் புகை வருவது எப்படித் தெரியும்?

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. 126-ஐத் தாண்டினாலே நீரிழிவு என்கிற இடத்தில் அவருக்கு 214. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.2. அது 6.5-ஐத் தாண்டக் கூடாது.

மதுமேகம்தான் கையைத் தின்றிருக்கிறது, பெட்டி இல்லை! சர்க்கரை நரம்பைப் பலவீனப்படுத்தும். மணிக்கட்டு நரம்பு நசுங்குவதற்கும் வழி செய்யும். தைராய்டு குறைவு, கர்ப்ப காலம் ஆகியவற்றிலும் அப்படி வரும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை வீங்கிச் சுருங்கும். அதனால்தான் கண்ணாடி பவர் நிலையாக நிற்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் கையும் சரியாகியிருக்காது, நோயும் உள்ளுக்குள் வளர்ந்திருக்கும்.

அவரை நீரிழிவு டாக்டரிடமும், விழித்திரை பார்க்கும் கண் டாக்டரிடமும் அனுப்பினேன். விழித்திரையில் ஆரம்ப நிலை மாற்றம் இருந்தது. நல்ல வேளை, ஆரம்பம். மாத்திரை தொடங்கினார்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கொடுத்தார்கள். என் பங்குக்கு உணவு முறையும், தோளுக்கும் முன்கைக்கும் வெளியே தடவ வாதகேசரித் தைலமும், மூச்சுப் பயிற்சியும். 'மரத்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க, சுடுறது தெரியாமக் கொப்புளம் வந்துரும்' என்பதை அவர் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். சர்க்கரை மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தக் கூடாது என்பதை மூன்று தடவை.

எப்போது தாமதிக்கக் கூடாது?

* ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மரப்பு நீடித்தால், கையிலிருந்து சாமான் நழுவினால், கட்டைவிரல் அடிச் சதை மெலிந்தால்.
* கழுத்து வலியோடு கை கால் பலவீனம், நடை தள்ளாட்டம் வந்தால்.
* திடீரென்று ஒரு பக்கம் முகம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். 'ரொம்ப நேரம் உக்காந்ததுல வந்த மரப்பு' என்று படுக்க வைக்காதீர்கள்.
* இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை வந்தாலும் அப்படியே.
* பார்வையில் திடீரென்று மின்னல், கரும்புள்ளிக் கூட்டம், திரை விழுந்தது போல மறைப்பு.
* நாற்பது வயதுக்கு மேல், உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் வருடம் ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தைக்கு வந்தார்

பொங்கல் கழிந்து மறுபடி வந்தார் அச்சகத்துக்காரர். கையில் சுருட்டிய தினசரிக் காலண்டர். சர்க்கரை இறங்கியிருந்தது. வலது கையில் இன்னும் லேசான மரப்பு, இடது கை நன்றாகத் தேறியிருந்தது. வேலையை விடவில்லை. இரவு வேலைக்கு மட்டும் ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்.

"இப்பல்லாம் அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போயிட்டு வாரேன்யா. முதலாளி ஒரு மாதிரியா பாத்தாரு. டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்லிட்டேன்."

"நான் அப்படி எழுதலையே?"

"இப்ப எழுதிக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்: 'வேகங்களை அடக்கக் கூடாது.' இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கும் அதே சீட்டுத்தான். முதலாளியிடம் தாராளமாகக் காட்டுங்கள். இப்போது கொஞ்சம் எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்களேன்!